டிராகுலா பின்பால்: மூடுபனியில் பந்து நகராதபோது

வில்லியம்ஸ் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா’ பின்பால் எந்திரத்தில் பழுது என்றாலே முதலில் காதில் விழும் பெயர் மிஸ்ட் (மூடுபனி) மல்டிபால். மல்டிபால் என்றால் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பந்துகள் ஓடும் கட்டம். பேரி ஔர்ஸ்லர் வடிவமைத்து, மார்க் ஸ்ப்ரெங்கர் ஓவியம் தீட்டிய எந்திரம் இது. செய்யப்பட்டவை மொத்தம் 6,801. நேரடி மூலம் 1992-இல் வந்த கொப்போலாவின் படம். அதற்கும் மூலம் 1897-இல் வெளியான நாவல். நாவலில் டிராகுலா மூடுபனியாக மாறி உள்ளே நுழைவான். எந்திரத்தில் அந்த வேலையை ஒரு பந்து செய்கிறது. யாரும் தொடாமல், சரிவில் உருண்டு விழாமல், ஆட்டப் பலகையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல ஊர்ந்து போகும்.

பலகைக்கு அடியில் மோட்டார் இழுக்கும் ஒரு வண்டி இருக்கிறது. அதன்மேல் மின்காந்தம். காந்தம் மரத்தின் ஊடாகப் பந்தைப் பிடித்துக்கொள்ள, வண்டி நகர்கிறது. ஆடுபவர் தாம் ஆடிக்கொண்டிருக்கும் பந்தால் ஊர்ந்து போகும் பந்தை அடித்து விடுவிக்க வேண்டும். விடுபட்டதும் இரண்டு பந்துகளும் ஆட்டத்தில். இந்த எந்திரத்தில் மூன்று மல்டிபால்கள் உண்டு: மிஸ்ட், சவப்பெட்டி, கோட்டை. இரண்டு ஒன்றாக ஓடினால் ஜாக்பாட் இரட்டிக்கும், மூன்றும் ஓடினால் மும்மடங்கு. ஆகவே மிஸ்ட் செத்துப்போன எந்திரத்தில் மும்மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. விளக்குகள் எரியும், பாட்டு கேட்கும், ஆனால் ஆட்டத்தின் முதுகெலும்பு போயிருக்கும்.

பலர் செய்யும் முதல் காரியம் பலகையைத் தூக்கி காந்தத்தைக் கழற்றுவது. அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கம்பிச் சுருள்தான் இந்த அமைப்பில் சீக்கிரம் கெடாத பாகம். பந்து, சரிவு, ஒளி சென்சார், கனெக்டர், வண்டி, அதன் பிறகே காந்தம் என்ற வரிசையில் போனால் பெரும்பாலும் பாதியிலேயே வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். காயில்களுக்கு, அதாவது பாகங்களை அசைக்கும் கம்பிச் சுருள்களுக்குப் போவது 50 வோல்ட் நேர்மின்சாரம். புள்ளித் திரைக்குப் போகும் கம்பிகளில் +62, –113, –125 வோல்ட். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த எந்திரமென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளீட்டு கனெக்டரில் உள்ள இணைப்புக் கம்பிகள் உங்கள் ஊர் வோல்டேஜுக்கு ஏற்றபடி போடப்பட்டிருக்கிறதா என்று கையேட்டின் படத்தோடு ஒப்பிட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள். மேல்கண்ணாடி 21 அங்குல அகலம், 43 அங்குல நீளம், பதப்படுத்திய வகை. அதன் முனையை டைல்ஸ் தரையிலோ சிமென்ட் தரையிலோ ஊன்றினால் ஒரே நொடியில் பொடியாகிவிடும். தரைவிரிப்பு அல்லது மடித்த போர்வை மேல் சாய்த்து வையுங்கள். பலகையைத் தூக்கும் முன் எல்லாப் பந்துகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். 80 கிராம் எஃகு உருண்டை பின்பெட்டிப் பக்கம் (பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டி) உருண்டு போய் விழுந்தால் எதை உடைக்கும் என்று சொல்ல முடியாது.

பந்து

வெளியே எடுத்த பந்துகளை இரண்டிரண்டாக ஒட்டவைத்துப் பாருங்கள். ஒன்றைத் தூக்கும்போது மற்றது கூடவே வந்தால் பந்துகள் காந்தமேறிவிட்டன. காகிதக் கிளிப்பை வைத்தும் சோதிக்கலாம். இந்த எந்திரத்தில் பந்து காந்தத்தின் மேல் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதால் இது அடிக்கடி நேரும். காந்தமேறிய பந்துகள் கீழே பந்துத் தொட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரியாக உருளாது; ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வரும்; சுவிட்சுகள் தவறான எண்ணிக்கை சொல்லும். எந்திரம் காணாமல் போன பந்தைத் தேடி எல்லாக் காயில்களையும் டப்டப் என்று அடிக்கத் தொடங்கினால் இதையும் சந்தேகப்படுங்கள்.

காந்தத்தை நீக்க மெனக்கெட வேண்டாம், பந்தை மாற்றுங்கள். அளவு 27 மில்லிமீட்டர், அதாவது 1 1/16 அங்குலம். இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடிபோல் மின்னும் உயர்விலைப் பந்துகள் பல கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் கடினமான எஃகு காந்தத்தன்மையை எளிதில் விடாது. காந்தமுள்ள எந்திரத்துக்குச் சாதாரண கார்பன் எஃகுப் பந்தே நல்லது. பளபளப்பு கொஞ்சம் குறைவு, தொல்லையும் குறைவு. பழைய பந்தில் பள்ளமோ துருவோ இருந்தால் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது உருளும் ஒவ்வொரு முறையும் பலகையின் மேற்பூச்சை அரம்போல் தேய்க்கிறது.

சரிவு

வில்லியம்ஸ் கையேடுகள் சொல்லும் சரிவு 6.5°. கால்களின் அடியில் உள்ள திருகுகளைச் சுற்றிச் சரிசெய்யலாம். ஆட்டம் வேகமாக இருக்கட்டும் என்று பின்கால்களை உயர்த்தி 7.5°, 8° என்று வைப்பவர்கள் உண்டு. வேறு எந்திரத்தில் அது விருப்பம். இதில் அது பழுதுக்கு அழைப்பு. 80 கிராம் பந்து 6.5° சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 9 கிராம் எடைக்குச் சமம். 7.5°-இல் அது 10.4 கிராம் ஆகிறது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் சுமை. மரத்தின் ஊடாகப் பிடிக்கும் காந்தத்துக்கு அந்த 15 சதவீதம் பெரிது. வண்டி நகர, பந்து மட்டும் நழுவி உருண்டு போகிறது என்றால் முதலில் மட்டம் பார்க்கும் கருவியை எடுங்கள்.

அளப்பது கண்ணாடிமேல் அல்ல, ஆட்டப் பலகைமேல். இரண்டின் சரிவும் ஒன்றல்ல. குறுக்கு மட்டத்தை மேலே ஓர் இடத்திலும் கீழே ஃபிளிப்பர் (பந்தை அடிக்கும் கை) அருகிலும் தனித்தனியாகப் பாருங்கள். பெட்டி முறுக்கிக்கொண்டிருந்தால் இரண்டும் மாறுபடும்.

ஒளி சென்சார்கள்

இந்தப் பழுதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. பந்து காந்தத்தின்மேல் இருக்கிறதா இல்லையா என்பதை எந்திரம் கண்ணுக்குத் தெரியாத ஓர் அகச்சிவப்புக் கற்றையால் அறிகிறது. ஒரு பக்கம் ஒளி அனுப்பும் எல்இடி, எதிர்ப்பக்கம் அதை வாங்கும் டிரான்சிஸ்டர். பந்து நடுவில் இருக்கும்வரை கற்றை மறைந்திருக்கும். அடிபட்டு விலகினால் கற்றை மறுபடி எதிர்ப்பக்கம் போய்ச்சேரும். அப்போதுதான் மல்டிபால் தொடங்கும். மற்ற ஒளி சென்சார்களில் இடைவெளி விரலகலம்தான். இங்கே கற்றை பலகையின் குறுக்கே நெடுந்தூரம் போகிறது. கொஞ்சம் தூசு, கொஞ்சம் வளைந்த தாங்கி, கொஞ்சம் வயதான எல்இடி, இவற்றில் ஒன்று போதும்.

முன்கதவைத் திறந்தால் உள்ளே சோதனைப் பொத்தான்கள் இருக்கும். நுழைந்து டி.1 சுவிட்ச் எட்ஜஸ் சோதனையைத் திறங்கள். திரையில் சுவிட்ச் அணி புள்ளிகளும் சதுரங்களுமாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்: ஒளி சென்சார்கள் தலைகீழாகக் காட்டும். கற்றை தடையில்லாமல் போகும்போது சுவிட்ச் மூடியதாக, அதாவது சதுரமாகத் தெரியும்; பந்தோ விரலோ மறைத்தால் திறந்ததாக மாறும். பலகையில் பந்து இல்லாதபோது அந்த இடத்தில் சதுரம் இல்லையென்றால் கற்றை போய்ச்சேரவில்லை.

எல்இடி எரிகிறதா என்று பார்க்க செல்பேசி கேமரா போதும். முன்பக்க கேமராவில் அகச்சிவப்பு வடிகட்டி பெரும்பாலும் பலவீனமாக இருக்கும். அதை எல்இடிக்கு நேரே பிடித்தால் மங்கிய ஊதா ஒளி தெரியும். தொலைக்காட்சி ரிமோட்டை முதலில் அதே கேமராவில் பார்த்து, உங்கள் கேமராவால் பார்க்க முடிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒளி தெரிந்தால் மட்டும் எல்இடி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். முப்பது ஆண்டு எரிந்த எல்இடி பக்கத்தில் பிடித்த கேமராவுக்குப் பளிச்சென்று தெரியும், எதிர்முனைக்கு அரைகுறையாகத்தான் போய்ச்சேரும்.

மல்டிமீட்டரில் பார்த்தால் எல்இடியின் இரு கால்களுக்கும் இடையே ஏறக்குறைய 1 முதல் 1.4 வோல்ட் வர வேண்டும். 12 வோல்ட் பக்கம் காட்டினால் எல்இடி உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யம் என்றால் மின்சாரமே வரவில்லை. வாங்கும் பக்கம், கற்றை விழும்போது 1 வோல்டுக்குக் கீழும் மறைத்தால் 10 வோல்டுக்கு மேலும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 4, 5 என்று தள்ளாடினால் ஒளி போதவில்லை; நேர்க்கோடு தவறியிருக்கிறது அல்லது எல்இடி களைத்துவிட்டது.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் இரண்டு கண்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். அடுத்து தாங்கிகளை நோட்டமிடுங்கள். பந்து இடித்து ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் மறுமுனையில் கற்றை பல மில்லிமீட்டர் விலகிவிடும். மீட்டரை வாங்கும் பக்கத்தில் மாட்டிவைத்துக்கொண்டு, தாங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, வோல்டேஜ் மிகக் குறையும் இடத்தில் திருகை இறுக்குங்கள். பிறகு சர்க்யூட் பலகையில் கனெக்டர் முள்களின் அடிப்பற்றைப் பாருங்கள். அதிர்வால் முள்ளைச் சுற்றி மயிரிழை வட்டமாக ஈயம் விரிசல் விட்டிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவையுங்கள்.

பாகம் மாற்றுவதென்றால் எல்இடிக்கு க்யூஇடி123, வாங்கும் டிரான்சிஸ்டருக்கு க்யூஎஸ்டி124 என்ற ஜோடி நன்றாகப் பொருந்தும். ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. கால்களின் திசையைப் பழையதைக் கழற்றும் முன்பே படமெடுத்து வையுங்கள். சமிக்ஞையைத் தீர்மானிக்கும் எல்எம்339 சில்லு சில ரூபாய் விலைதான். அதை மாற்ற நேர்ந்தால் நேரே பற்றவைக்காமல் சாக்கெட் போட்டுச் செருகுங்கள்.

எல்லா ஒளி சென்சார்களும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் ஒவ்வொன்றாக ஆராய வேண்டாம். பின்பெட்டியில் உள்ள பவர் டிரைவர் பலகையில் எஃப்116 ஃப்யூஸைப் பாருங்கள், 3 ஆம்பியர். ஃப்யூஸை இடத்திலேயே வைத்துச் சோதித்தால் பொய் சொல்லும். கழற்றி எடுத்து மீட்டரில் பாருங்கள். அதே அளவு, அதே வகைதான் போட வேண்டும்.

வீட்டில் சிலர் கவனிக்காத ஒன்று: வெயிலும் குண்டு விளக்கும் அகச்சிவப்பைக் கொட்டுகின்றன. ஜன்னலோரம் வைத்த எந்திரத்தில் பகலில் மிஸ்ட் கோளாறு, இரவில் சரி என்றால் எந்திரத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள், காசு செலவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மேலே பிரகாசமான விளக்கைப் போட்டு வேலை செய்யும்போதும் இதே பொய்க் கோளாறு வரும்.

வண்டியும் காந்தமும்

இவ்வளவும் சரி, ஆனாலும் பந்து நகரவில்லை என்றால் இப்போது பலகையைத் தூக்கலாம். வண்டி எங்கே இருக்கிறது என்று எந்திரத்துக்குச் சொல்ல இரு முனைகளிலும் சென்சார்கள் உண்டு. வண்டியின் பாதையைப் பிளக் பிடுங்கிய நிலையில் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: தளர்ந்து தொங்கும் கம்பிக் கட்டு, விழுந்து கிடக்கும் திருகு, காய்ந்து பிசின்போல் இறுகிய பழைய கிரீஸ், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே புதிதாக, மிக மெல்லியதாக, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையைத் தடவுங்கள். தெளிப்பான் எண்ணெய் கூடாது. அது வழிந்து சென்சார் கண்களில் படியும், தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

வண்டியோடு சேர்ந்து நகரும் கம்பிகளைத் தனியாகக் கவனியுங்கள். ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, உறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும். மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, வண்டி ஓர் ஓரத்தில் இருக்கும்போது ஒரு முறை, மறு ஓரத்தில் இருக்கும்போது ஒரு முறை பாருங்கள். பாதி வழியில் பந்தை நழுவவிடும் எந்திரத்துக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. மாற்றும்போது பல மெல்லிய இழைகள் கொண்ட வளையக்கூடிய கம்பியைப் போடுங்கள். ஒற்றை இழைக் கம்பி சீக்கிரமே முறியும்.

அடுத்தது இடைவெளி. காந்தத்தின் தலைக்கும் பலகையின் அடிப்பகுதிக்கும் இடையே காற்று இடைவெளி கூடக்கூடப் பிடிப்பு மளமளவென்று குறையும். வண்டியின் தாங்கித் திருகுகள் தளர்ந்து ஒரு மில்லிமீட்டர் தொங்கினாலே பந்து நழுவும். மேலிருந்து வரும் இடைவெளியும் கணக்கில் சேரும்: பலகையைக் காப்பாற்ற என்று பந்து ஊர்ந்துபோகும் பாதையின்மேல் யாராவது தடித்த பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தால் அந்தத் தடிமனும் காந்தத்துக்குப் பாரம்தான். மெல்லிய மைலார் பிளாஸ்டிக் படலம் என்றால் காந்தம் பொறுத்துக்கொள்ளும்.

இப்போது காந்தம். ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டு மின்தடையை அளந்து கையேட்டின் காயில் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எல்லையற்றது என்றால் அறுந்தது. பெரும்பாலும் காலில் பற்றிய கம்பி முறிந்திருக்கும், சுருள் அல்ல. 1 ஓமுக்கும் கீழே என்றால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன. அதை அப்படியே இணைத்தால் புது டிரான்சிஸ்டரையும் உடனே சாப்பிட்டுவிடும்.

காந்தம் தொடர்ந்து பிடித்தே இருக்கிறது, தொட்டால் கையைச் சுடுகிறது என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். எந்த டிரான்சிஸ்டர் அதை ஓட்டுகிறது என்று அட்டவணை சொல்லும். டிஐபி102 என்றால் மீட்டரை டயோடு நிலையில் வைத்து, கருப்பு முனையை அதன் உலோக முதுகிலும் சிவப்பு முனையை இரண்டு வெளிக்கால்களிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். இரண்டிலும் 0.4 முதல் 0.6 வர வேண்டும். நடுக்கால் பூஜ்யம் காட்டும், அது முறைதான். வெளிக்கால் எதிலாவது பூஜ்யம் வந்தால் டிரான்சிஸ்டர் ஒட்டிவிட்டது. அதை மாற்றும்போது அதற்கு முன்னால் உள்ள 2என்5401-ஐயும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டிஐபி102 சாகும்போது அதையும் காயப்படுத்தாமல் போவது அரிது.

பின்பெட்டி

மிஸ்ட் சரியான பிறகும் ஆட்டத்தின் நடுவே எந்திரம் தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறதா? குறிப்பாக இரண்டு ஃபிளிப்பர்களையும் ஒன்றாக அழுத்தும்போது? இது டிராகுலாவின் தனி நோய் அல்ல, டபிள்யூபிசி (வில்லியம்ஸின் அக்காலக் கட்டுப்பாட்டு மின்னணு அமைப்பு) தலைமுறை எந்திரங்கள் அனைத்துக்கும் பொது. ஃபிளிப்பர்கள் இழுக்கும்போது 5 வோல்ட் வரி ஒரு கணம் தாழ்கிறது. கண்காணிப்புச் சில்லு எந்திரத்தை மறுதொடக்கம் செய்கிறது. பவர் டிரைவர் பலகையில் டிபி5 தரை, டிபி2 5 வோல்ட். அங்கே 4.9-க்கு மேல் நிலையாக இருக்க வேண்டும். அதே அளவை சிபியு பலகையிலும் எடுங்கள். இரண்டுக்கும் 0.1 வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் உள்ள கனெக்டர்தான் குற்றவாளி, பலகை அல்ல. பலகையே என்றால் பிஆர்2 டயோடு பாலம், சி5 மின்தேக்கி இரண்டையும் மாற்றுங்கள். பாலம் 35 ஆம்பியர். மின்தேக்கி 15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். பலகையின் துளைகள் மெல்லியவை; பழைய பாகத்தை இழுக்காமல், கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

பொது விளக்குகளுக்கான ஜே120, ஜே121 கனெக்டர்கள் கருகிப் பழுப்பேறியிருக்கும். பிளாஸ்டிக் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. பலகையில் உள்ள முள்களையும் மாற்றி, கம்பி முனைகளுக்கு மூன்று பக்கமும் பிடிக்கும் கிரிம்ப் போடுங்கள். 44-ஆம் எண் பல்ப் ஒன்று 250 மில்லியாம்பியர் இழுக்கும். 47-ஆம் எண் 150 மட்டுமே. மாற்றினால் கனெக்டருக்கு நல்ல ஓய்வு, வெளிச்சத்தில் இழப்பு கொஞ்சம்தான்.

சிபியு பலகையில் மூன்று ஏஏ பேட்டரிகள் உட்கார்ந்திருக்கும். ஒழுகி பலகையை அரித்த எந்திரங்களுக்குக் கணக்கில்லை. பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் வினிகரில் நனைத்த பல் துலக்கியால் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். பிறகு பேட்டரியை அந்தப் பலகையிலேயே வைக்காதீர்கள். நீண்ட கம்பியில் தனிக்கூடு தொங்கவிடலாம். அதைவிட மேல், யு8 இடத்திலுள்ள ரேம் சில்லை எடுத்துவிட்டு பேட்டரி தேவைப்படாத என்விரேம் போடுவது.

ஃபிளிப்பர்களைப் பற்றி ஒரே ஒரு சொல்: இந்தத் தலைமுறையின் முனைச் சுவிட்ச் சாதாரணமாகத் திறந்திருக்கும், ஃபிளிப்பர் முழுதும் எழுந்த பிறகே மூட வேண்டும். பழைய எந்திரங்களில் இதற்கு நேர்மாறு. அந்தப் பழக்கத்தில் சரிசெய்தால் பிடித்துவைத்த ஃபிளிப்பர், வேகமாக வரும் பந்து இடித்ததும் தாழ்ந்துவிடும். காயில் உள்ளே எண்ணெய் விடவே கூடாது, நைலான் உறையை மாற்றுங்கள்.

இறுதிச் சோதனை

பந்துகளைப் போட்டு, கண்ணாடியை மூடாமல், அறை விளக்கைக் குறைத்துவைத்து டி.1 சோதனையில் எல்லாச் சுவிட்சுகளையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். பிறகு டி.4 காயில் சோதனை. ஆட்டத்தைத் தொடங்கி மிஸ்டை வரவழைத்து, பந்தை அடிக்காமல் முழுப் பாதையும் ஊர்ந்து முடிக்கவிடுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார்த்து, பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், அடியில் அதே இடத்தில் தேடலாம். அடுத்த முறை பாதி வழியில் கையால் பந்தைத் தட்டிவிட்டு, மல்டிபால் அந்தக் கணமே தொடங்குகிறதா என்று பாருங்கள். தாமதமாகத் தொடங்கினால் கற்றை இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. தாங்கியை மறுபடி சரிசெய்யுங்கள்.

இதையே எந்திரம் அரைமணி நேரம் சூடான பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் சரியாக ஓடி, சூடானதும் பந்தை விடும் காந்தம் என்றால், கனெக்டரிலோ பற்றிலோ மின்தடை ஏறுகிறது. கடைசியாகத் திரையில் கிரெடிட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். அந்தப் புள்ளி, எந்திரம் ஏதோ ஒரு பழுதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். முன்கதவைத் திறந்து சோதனை மெனுவுக்குள் நுழைந்தால் எந்தச் சுவிட்ச் என்று பெயரோடு சொல்லும். நெடுநாள் தொடப்படாத சுவிட்சையும் பழுதென்றே அது எண்ணும். அதைக் கையால் ஒரு முறை அழுத்திவிட்டு, சில ஆட்டங்கள் ஆடிய பிறகு புள்ளி போய்விட்டதா என்று மறுபடி பாருங்கள்.